ஒரு சென்ட்டில் இரண்டு 1955

பிலடெல்பியா நாணயச்சாலையில் 1955-இல் அடித்த லிங்கன் ஒரு சென்ட் காசுகள் சிலவற்றில் ஆண்டு எண்ணும் ‘லிபர்ட்டி’ என்ற சொல்லும் இரண்டிரண்டாக விழுந்திருக்கும். பார்க்க லென்ஸ் வேண்டாம், வெறுங்கண்ணே போதும். கைபட்டுத் தேய்ந்த காசுக்கே 1,000 டாலருக்கு மேல் கொடுக்கிறார்கள். எழுத்து இரட்டையாகத் தெரிகிற வேறு எத்தனையோ சென்ட்டுகளுக்கு ஒரு சென்ட்டுக்கு மேல் தர ஆளில்லை. ‘அது அரிது, இது அரிதல்ல’ என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அது பாதிதான் சரி. பிழை எந்தக் கட்டத்தில் நேர்ந்தது என்பதைப் பார்த்தால்தான் இந்த விலைக் கணக்கு பிடிபடும்.

காசை அடிக்கிற அச்சு இன்னொரு அச்சிலிருந்து பிறப்பது. உருவமும் எழுத்தும் புடைத்து நிற்கும் எஃகுத் தாய் அச்சை, மென்மையான எஃகுத் துண்டின்மேல் வைத்துப் பெரும் விசையோடு அழுத்துவார்கள். அழுத்திய இடம் இறுகிவிடுவதால் ஒரே அழுத்தில் உருவம் முழு ஆழத்துக்கு இறங்காது. துண்டைச் சூடாக்கி இளக்கி, மறுபடி அதே தாய் அச்சின் கீழே வைப்பார்கள். இந்த இரண்டாவது அழுத்தில் துண்டு இம்மியளவு திரும்பியிருந்தாலும் எழுத்துகள் பழைய பள்ளத்தில் விழாமல் பக்கத்தில் விழும். 1955-இல் நடந்தது இதுதான். மையத்தைச் சுற்றித் திரும்பியதால் விளிம்பில் உள்ள வாசகம் நன்றாக விலகி நிற்கிறது. நடுவிலிருக்கும் லிங்கன் முகத்தில் கோளாறு ஏறக்குறையத் தெரியவே தெரியாது. பிழை அச்சிலேயே பதிந்துவிட்டதால், அந்த அச்சு அடித்த ஒவ்வொரு காசிலும் அதே விலகல் அதே அளவில் இருக்கும்.

மற்ற வகை இரட்டிப்பு காசு அடிபடும் கணத்தில் நேர்வது. சரியாக இறுக்கப்படாத அச்சு, அடித்து முடித்ததும் சற்றே நழுவிப் புதிதாக எழும்பிய எழுத்தின் ஓரத்தைத் தேய்த்துவிடும். சரியாகச் செதுக்கிய ரப்பர் ஸ்டாம்ப்பைக் குத்தும்போது கை இழுத்துவிட்டால் மை தீற்றிக்கொள்வது போலத்தான் இது, ஸ்டாம்ப்பில் குறையில்லை. லென்ஸில் பார்த்தால் வேறுபாடு தெளிவு. நழுவல் காசில் எழுத்தின் ஓரம் தட்டையான படிபோல் இருக்கும், எழுத்தும் மெலிந்துபோயிருக்கும். இரட்டை அச்சுக் காசில் எழுத்து தடித்திருக்கும். இரண்டு எழுத்துகளும் பிரிகிற மூலையில் சிறு வெட்டு தெரியும்.

ஒவ்வொரு நழுவலும் ஒவ்வொரு மாதிரி என்றால் அந்தக் காசுதானே உலகில் ஒன்றே ஒன்று, அதற்கல்லவா விலை கூட வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஒன்றே ஒன்றாக இருப்பதுதான் அதன் பலவீனம். ஒப்பிட்டுப் பார்க்க இணையில்லை, பட்டியலில் ஏற்ற அடையாளமில்லை. 1955 காசை மெய்யென்று சொல்ல அதன் உடன்பிறப்புகள் இருக்கின்றன. சுமார் 40,000 அடித்த பிறகே பிழை கண்ணில்பட்டது. அதற்குள் பாதிக்கு மேல் நல்ல காசுகளோடு கலந்துவிட்டன. பொறுக்கி எடுக்கச் சோம்பியோ செலவுக்கு அஞ்சியோ, அப்படியே வெளியே விட்டுவிட்டார்கள். அந்தச் சோம்பலுக்குச் சேகரிப்பாளர்கள் நன்றி சொல்ல வேண்டும்! 23 சென்ட் சிகரெட் பெட்டிகளைக் கால் டாலருக்கு விற்ற தானியங்கி இயந்திரங்களில், மீதி இரண்டு சென்ட்டைப் பெட்டியின் உறைக்குள்ளேயே வைத்திருப்பார்கள். இந்தக் காசுகள் பலர் கைக்கு வந்ததும் அப்படித்தான்.

அச்சில் இருந்தால் போதுமா என்றால் போதாது. அதே 1955-இல் கடைசி ஐந்து மட்டும் லேசாக இரட்டித்த காசுகள் ஏராளம். அச்சு உழைத்துத் தேய்ந்ததால் வந்தது அது. எந்த அச்சுக்கும் வரக்கூடிய முதுமை என்பதால் சேகரிப்பாளர்கள் அதை ‘ஏழையின் இரட்டை அச்சு’ என்று கேலியாக அழைக்கிறார்கள், விலையும் அற்பம். 1995 சென்ட்டில் இருப்பதோ அசல் இரட்டை அச்சு. ஆனால் ஏராளமாகக் கிடைத்ததால் சில பத்து டாலரோடு நின்றுவிட்டது. ஆக, எண்ணிக்கைக்கும் பங்குண்டு. ஆனால் எது எண்ணத் தகுந்தது என்று அச்சு முடிவுசெய்த பிறகுதான் அதன் வேலை தொடங்குகிறது.

எல்லாம் வெறும் மோகம் என்பவர்களுக்கு ஓரளவு விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். லிங்கன் சென்ட்டை ஆண்டுவாரியாகச் சேர்ப்பவர்கள் மிக அதிகம். ஆள் குறைந்த வரிசையில் இதே பிழை வந்திருந்தால் இந்த விலை கிடைத்திராது. ஆனால் மோகம் மட்டுமே காரணமென்றால் நழுவல் காசுகளுக்கும் அதில் கொஞ்சம் சிந்தியிருக்க வேண்டுமே.

1990-களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்க அச்சுகள் ஒரே அழுத்தில் உருவாகின்றன. ஆனாலும் அழுத்தும்போது துண்டு சற்றே சாய்ந்து உட்கார்ந்துவிடுவதுண்டு. 2009-இல் வந்த சென்ட் ஒன்றில், மரக்கட்டைமேல் அமர்ந்து புத்தகம் படிக்கும் லிங்கனின் கையில் கூடுதல் விரல் முளைத்தது அப்படித்தான். அதைக் காண லென்ஸ் வேண்டும். விலையும் 1955 காசின் பக்கத்தில்கூட வராது.