இஸ்கூல்: ஓர் உயிரெழுத்தின் அரசியல்

அரவேணுவில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். தேயிலை பறிக்கக் கிளம்பிய ஒரு அம்மா மகனிடம் ‘இஸ்கூலுக்கு நேரமாச்சுடா’ என்றாள். பையன் சட்டென்று திருத்தினான்: ‘இஸ்கூல் இல்லம்மா, ஸ்கூல்.’ அவள் வெட்கத்தோடு சிரித்தாள். அதே ‘இ’க்காக வகுப்பில் பெஞ்சுமேல் ஏறி நின்றவன் நான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ‘இ’ அறியாமையிலிருந்து வருவதில்லை, இலக்கணத்திலிருந்து வருகிறது. தமிழ்ச் சொல்லின் முதலில் தனிமெய் நிற்காது. தொல்காப்பியம் தொட்டு இதுதான் விதி. முன்னால் ஓர் உயிரைப் போட்டதும் ‘இஸ்/கூல்’ என்று அசை பிரிகிறது: நேர் நேர், தேமா. யாப்பு படிக்காத வாய்தான் யாப்பைக் காப்பாற்றுகிறது.

ஸ்பானிஷிலும் இதே கதைதான். ‘ஸ்’ஸையும் அடுத்த மெய்யையும் சேர்த்து ஓர் அசையைத் தொடங்க அந்த மொழி சம்மதிக்காது. லத்தீன் ‘ஸ்கோலா’ அங்கே எஸ்-குவே-லா ஆயிற்று. முன்னால் வந்த ‘எ’, ‘ஸ்’ஸைத் தன் அசைக்குள் இழுத்துக்கொண்டது. ஆங்கில ‘ஸ்ட்ரெஸ்’கூட அங்கே போனதும் ‘எஸ்-த்ரெஸ்’தான். உயிரிலோ ‘ன்’, ‘ஸ்’ஸிலோ முடியும் சொல்லில் இறுதிக்கு முந்தைய அசைதான் வழக்கமாக அழுத்தம் பெறும், இங்கே கடைசி அசை அழுந்துவதால் அதன் உயிர்மேல் ஒரு சாய்கோடு போடுகிறார்கள். அங்கே அழுத்தம் பொருளையே மாற்றும்: ‘ஆப்லோ’வில் முதலசையை அழுத்தினால் ‘பேசுகிறேன்’, கடைசியை அழுத்தினால் ‘பேசினார்’. நம்மிடம் அந்த வேலையைக் குறிலும் நெடிலும் பார்த்துக்கொள்கின்றன: கல், கால்.

ஆக, ஒலியில் இரண்டும் ஒரே காரியம்தான். மதிப்பில்தான் வேறுபாடு. ‘எஸ்குவேலா’ அங்கே அகராதிச் சொல். 1713இல் தொடங்கிய அரச அகாதெமியே அப்படித்தான் எழுதுகிறது. அவ்வளவு தூரம் போவானேன்? ‘ரங்க’ அரங்கனானது, ‘ராம’ இராமனானது, ‘லாப’ இலாபமானது. 13ஆம் நூற்றாண்டு நன்னூல் இதற்குச் சூத்திரமே எழுதிவைத்திருக்கிறது. வடசொல்லுக்கு முன் உயிர் வந்தால் விதி. தோட்டத் தொழிலாளியின் வாயில் ஆங்கிலச் சொல்லுக்கு முன் வந்தால் கொச்சை. தீர்ப்பு ஒலிக்கு அல்ல, வாய்க்கு.

இதில் பள்ளிக்கூடத்தை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது. மக்கள் மொழி என்று மேடையில் பேசுகிற நாமும் நம் கதைகளில் ‘இஸ்கூல்’ என்ற சொல்லை எப்போது எழுதினோம்? யாரைப் பார்த்துச் சிரிக்க எழுதினோம்?