மஞ்சளும் சிவப்பும் ஒரே பூதான்

ஐப்பசியில் மழை இரண்டு தரம் நன்றாகப் பெய்து ஓய்ந்ததும், ஊரை விட்டுக் கொஞ்சம் வெளியே நடப்போம். வண்டித்தடத்து ஓரத்துக் கிளுவை வேலியில் செங்காந்தள் ஏறியிருக்கும். அதன் தண்டுக்குத் தானாக நிற்கும் பலம் கிடையாது. ஓர் இலையை நுனிவரை பாருங்கள்: நுனியே மெலிந்து சுருண்டு, அருகிலுள்ள குச்சியைச் சுற்றிப் பிடித்திருக்கும். இலையே பற்றுக்கம்பியாகவும் வேலை செய்கிறது.

இப்போது பூவுக்கு வருவோம். ஒரே வேலியில் மஞ்சளும் சிவப்புமாகப் பார்த்தவுடன், இரண்டு வகைக் கொடிகள் பின்னிக் கிடப்பதாகவே அநேகமாக எல்லோரும் நினைக்கிறோம். ஒரே ஒரு தண்டைப் பிடித்து மேலிருந்து கீழாகக் கண்ணை ஓட்டினால் விஷயம் புரிந்துவிடும். உச்சியில் பச்சை மொட்டுகள் தலைகவிழ்ந்து தொங்கும். அதற்குக் கீழே இன்று விரிந்த பூ, பச்சை கலந்த மஞ்சளில். இன்னும் கீழே, இதழ் நுனி சிவந்து அடி மட்டும் மஞ்சளாக நிற்கும் பூ. எல்லாவற்றுக்கும் கீழே முழுச் சிவப்பு. நம் வேலிகளில் நாம் பார்க்கும் நிறவேறுபாடு பெரும்பாலும் பூவின் வயதுதான். சந்தேகம் இருந்தால் இன்று விரிந்த பூவின் காம்பில் ஒரு நூலைக் கட்டிவிட்டு, சில நாள் கழித்து வந்து பாருங்கள்.

அப்படியே குனிந்து, கீழிருந்து பூவைப் பார்ப்போம். காற்றில் மேல்நோக்கி மடங்கிய குடைபோல ஆறு இதழ்களும் நெளிந்த விளிம்போடு பின்னால் வளைந்திருக்கின்றன. மகரந்தத் தாள்கள் ஆறும் பக்கவாட்டில் விரிந்திருக்கின்றன. சூலகத்திலிருந்து நீளும் சூல்தண்டு மட்டும் சட்டென்று ஒரு பக்கமாக ஒடிந்தாற்போல் திரும்பியிருக்கிறது. எனக்கு இந்தப் பூவில் மிகவும் பிடித்த இடம் இதுதான். தன் மகரந்தம் தன்மேலேயே படாமல் விலகி நிற்கும் ஏற்பாடு இது. வண்ணத்துப்பூச்சி போன்ற விருந்தாளி வந்தால்தான் காய் பிடிக்க வழி. கரூர், திண்டுக்கல் பக்கம் விதைக்காகக் கண்வலிக்கிழங்கு என்று இதையே பயிரிடும் விவசாயிகள், காலையில் பூவுக்குப் பூ சென்று மகரந்தத்தைக் கையாலேயே சேர்த்துவிடுகிறார்கள்.

அந்த விதையிலிருந்து கால்சிசின் என்ற மருந்துச்சரக்கு எடுக்கிறார்கள். கீல்வாத வகை ஒன்றுக்கு அது மருந்து. அதே பொருள்தான் இந்தச் செடியின் விஷமும். உடலில் செல்கள் பிரிந்து பெருகும் வேலையை அது நிறுத்திவிடும். கிழங்கில் அது ஆளைக் கொல்லும் அளவுக்கு இருக்கிறது. வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. கூட வரும் பிள்ளைகளுக்கு இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: பார்க்கலாம், படம் வரையலாம், வாயில் மட்டும் வைக்கக் கூடாது.