சந்தா கட்டிய பிறகும் தனிக் காசா?



தஞ்சாவூர்ப் பொருட்காட்சிக்கு நம் பூதலூரிலிருந்து ரயிலேறிப் போகிறோம். வாசலில் நுழைவுச் சீட்டு வாங்குகிறோம். உள்ளே ராட்டினத்துக்குத் தனிச் சீட்டு! இணைய விளையாட்டிலும் இதே கதைதான்.

'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை அமெரிக்காவின் பிளிஸார்ட் நிறுவனம் 2004-ல் வெளியிட்டது. அப்போது விலை கொடுத்து வாங்கினாலும், மாதம் சுமார் 15 டாலர் சந்தா கட்ட வேண்டியிருந்தது. 2007 ஜனவரியில் புதிய நாடுகளுடன் ஒரு கூடுதல் பாகம் வந்தது. அதற்குத் தனியாகச் சுமார் 40 டாலர்! ஆனாலும் முதல் நாளிலேயே 24 லட்சம் பிரதிகள் விற்றன. வாங்கியவர்கள் 70-ஆம் நிலை வரை முன்னேறினார்கள். வாங்காதவர்கள் 60-லேயே நின்றார்கள். கூட ஆடிய நண்பன் முன்னே போய்விட்டால் வருத்தமாக இருக்காதா?

இது நியாயமா? சந்தாப் பணம், விளையாட்டை நடத்தும் பெரிய கணினிகளை இரவு பகலாக இயக்க உதவுகிறது. புதிய பாகத்துக்கோ ஓவியர்களும் இசைக் கலைஞர்களும் மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். உழைப்புக்குக் கூலி கேட்பது தவறல்ல. ஆனால், விலையை முன்கூட்டியே சொல்ல வேண்டும். வாங்காதவரும் பழைய ஆட்டத்தைத் தொடர வழி வேண்டும். 2018-ல் அந்த நிறுவனமே பழைய கூடுதல் பாகங்களைச் சந்தாவுடன் சேர்த்துக் கொடுத்துவிட்டது.

ஒரு சின்னக் கணக்கு: 12 மாதச் சந்தா 180 டாலர். கூடுதல் பாகம் 40. மொத்தம் 220 டாலர்!

அப்பாவின் செல்போனில் 'வாங்கு' என்பதைத் தொடுமுன், இப்படி நோட்டில் கூட்டிப் பார்த்து அவரிடம் காட்டுங்கள். அவர் சரி என்றால் மட்டும் தொடுங்கள்!