வீடு திரும்பியபின் தொடங்கும் பாடம்

குடல் புற்றுநோய், குடல் அடைப்பு, விபத்துக் காயம் போன்றவற்றுக்கான அறுவை சிகிச்சையில், சிலருக்குக் குடலின் ஒரு பகுதியை வயிற்றுக்கு வெளியே எடுத்துத் தைத்து மலம் வெளியேற வழி அமைப்பார்கள். இதுவே ஸ்டோமா. அதன்மேல் ஒட்டும் பையை மாற்றும் விதம் வார்டிலேயே சொல்லித் தரப்படும். வலியும் கலக்கமுமாகப் படுத்திருப்பவருக்கு அது மனத்தில் நிற்பதில்லை. வீட்டில் முதன்முறை பை கசியும்போதுதான் சந்தேகங்கள் வரிசைகட்டுகின்றன.

அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆனாலும் வேப்பந்தட்டை, செந்துறைப் பக்கத்துக் கிராமத்தவர் ஒரு கசிவுக்காகப் பஸ் ஏறினால் அன்றைய கூலி போய்விடும். ஸ்டோமா பராமரிப்புக்கென்றே பயிற்சி பெற்ற செவிலியர்களோ பெரும்பாலும் பெருநகரங்களில்தான் இருக்கிறார்கள். இந்த இடைவெளியைக் கைப்பேசியால் பெருமளவு குறைக்க முடியும்.

இணையத்தில் கிடைக்கும் பொதுவான வீடியோவைவிட, வார்டில் செவிலியர் பை மாற்றும்போது நோயாளியின் சொந்தப் போனிலேயே எடுத்த வீடியோ மேலானது. அதில் இருப்பது அவருடைய வயிறு, அவர் வாங்கும் பை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்.

அந்த வீடியோவில் தவறாமல் பதிய வேண்டியது அளவெடுப்பு. தோலில் ஒட்டும் தகட்டின் துளை ஸ்டோமாவைவிட 2 முதல் 3 மி.மீ. மட்டுமே பெரிதாக இருக்க வேண்டும். துளை அகன்றால் மலம் பட்டுத் தோல் வெந்துவிடும். முதல் 6 முதல் 8 வாரங்களில் ஸ்டோமா சுருங்கிக்கொண்டே வருவதால், மருத்துவமனையில் வெட்டித் தந்த அளவு பிறகு பொருந்தாது. ஒவ்வொரு முறையும் அளந்தே வெட்ட வேண்டும். துடைக்கத் தண்ணீர் போதும், டெட்டால் கூடாது. பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலி செய்துவிட வேண்டும். சித்திரை வெயிலில் வியர்வையால் ஒட்டு விடும். மாற்றுப் பைகளையும் வெப்பம் ஏறும் வண்டிப் பெட்டியிலோ தகரக் கூரையின் கீழோ வைக்கக் கூடாது.

சந்தேகம் வந்து செவிலியருக்கு ஸ்டோமாவின் படம் அனுப்புபவர் அதைப் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால்தான் நிறம் தெரியும். ஸ்டோமா சிவப்பாக, ஈரமாக இருப்பது நல்ல அறிகுறி. கறுத்தாலோ, வாந்தி எடுப்பதோடு மலம் வருவதும் நின்றாலோ பதிலுக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிறுகுடல் ஸ்டோமாவில் தண்ணீராகப் போய்க்கொண்டே இருந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசல் தொடங்கி, அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பல வீடுகளில் ஸ்மார்ட்போன் மகன் கையில்தான் இருக்கும். தன் வயிற்றுப் படம் அந்தப் போனில் இருக்க ஒரு தாய் கூசுவது இயல்பே. அவர் சம்மதித்தால் மட்டுமே படம் எடுக்க வேண்டும். மறுத்தால் செவிலியர் குறித்த நேரத்தில் அழைத்துப் பேச வேண்டும். அதற்குச் சாதாரண பட்டன் போனே போதும்.