ஹெலிகொப்டரின் வாலும் அதன் நிலைபேறும்

ஓடுபாதையின்றி எழுதலும், ஆகாயத்தில் ஓரிடத்தில் அசையாது நிற்றலும் உலங்கு வானூர்தி எனவும் வழங்கப்பெறும் ஹெலிகொப்டரின் தனிச் சிறப்புகளாகும். இரத்மலானை வானூர்தி நிலையம் வெள்ளவத்தைக்குத் தெற்கே சில கிலோமீற்றர் தொலைவிலேயே அமைந்திருத்தலால், கரையோரமாகச் செல்லும் இவ்வூர்திகள் கொழும்பு வாழ் மக்களுக்குப் புதியன அல்ல. காண்போர் கருத்தைக் கவர்வது தலைக்குமேற் சுழலும் பெரிய சுழலியே. பின்னே நீண்டிருக்கும் வாலோ பலருக்கு ஒரு வெறும் ஒட்டுறுப்பாகவே தோன்றும். ஆயினும், ஊர்தி நேராகப் பறப்பதும், எவ்வளவு சுமையைத் தூக்கும் என்பதும் வாலின் வடிவத்தைப் பெரிதும் சார்ந்துள்ளன. அவ்வடிவத்திற் செய்யும் சிறு திருத்தமொன்று இடர்க்காலத்தில் மேலும் ஓர் உயிரை ஏற்றிச்செல்ல இடந்தரக்கூடும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வால் வேண்டப்படுவது ஏன்?

ஒவ்வொரு தாக்கத்திற்கும் சமமும் எதிருமான மறுதாக்கம் உண்டு என்பது நியூற்றனின் மூன்றாம் விதி. சிறு தோணியொன்றில் நிற்பவர் தம் உடலை விரைவாக ஒரு பக்கம் திருப்பின், தோணி மறுபக்கம் திரும்புவதைக் காணலாம். அதுபோலவே, பொறியானது பிரதான சுழலியை ஒரு திசையிற் சுழற்றும்போது, ஊர்தியின் உடல் எதிர்த்திசையிற் சுழல முற்படும். அமெரிக்க பெல் நிறுவன ஊர்திகளிற் பிரதான சுழலி, மேலிருந்து நோக்குமிடத்து, இடஞ்சுழியாகச் சுழல்வது. எனவே உடல் வலஞ்சுழியாகத் திரும்ப முயலும். அதாவது மூக்கு வலப்புறமாகவும் வால் இடப்புறமாகவும் செல்லும்.

இம்மறுதாக்கம் எத்துணைப் பெரியது என்பதை ஓர் எளிய கணக்கால் அறியலாம். பிரதான சுழலிக்கு 800 கிலோவாற்று வலு செல்கின்றது எனவும், அது செக்கனுக்கு 34 ஆரையன் கோணவேகத்திற் சுழல்கின்றது எனவும் கொள்வோம். வலுவைக் கோணவேகத்தால் வகுக்க, முறுக்கம் ஏறத்தாழ 23,500 நியூற்றன் மீற்றர் ஆகும். சுழலியின் அச்சிலிருந்து 8.5 மீற்றர் தொலைவிலுள்ள வால் நுனியில் இதனைச் சமன்செய்ய ஏறத்தாழ 2,770 நியூற்றன் விசை வேண்டும். இஃது 280 கிலோகிராம் திணிவின் நிறைக்குச் சமம். அத்தகைய பக்கவிசையை இடைவிடாது தருவதே வாற் சுழலியின் கடமை.

1936இல் ஜேர்மனியிற் பறந்த போக்கே-வுல்ப் 61 என்னும் ஊர்தி, எதிரெதிராகச் சுழலும் இரு சுழலிகளைக் கொண்டு இச்சிக்கலைத் தவிர்த்தது. 1939இல் இகோர் சிக்கோர்ஸ்கி தம் வி.எஸ்.-300 ஊர்தியில் ஒரு பெருஞ் சுழலியையும் வாலில் ஒரு சிறு சுழலியையும் அமைத்தார். அவ்வமைப்பே பின்னர் உலகெங்கும் பரவியது. எனினும் அதற்கொரு விலையுண்டு. ஊர்தி அந்தரத்தில் நிற்கும்போது பொறி தரும் வலுவில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கை வாற் சுழலியே கொண்டுவிடுகின்றது. அவ்வலு ஊர்தியைத் தூக்க உதவுவதன்று. அதனைத் திரும்பாமற் காப்பதற்கே செலவாவது.

முன்னோக்கிப் பறக்கும்போது

காலிமுகத் திடலிற் பட்டம் விடும் சிறுவர், பட்டம் குத்துக்கரணம் அடிப்பின் அதன் வாலை நீட்டுவர். வாலின்மேற் படும் காற்று பட்டத்தை நேர்ப்படுத்துகின்றது. ஹெலிகொப்டரின் வாலிலுள்ள கிடைச் செட்டையும் குத்துச் செட்டையும் முன்னோக்கிப் பறக்கையில் இத்தகைய பணியையே புரிகின்றன. மூக்கு மேலும் கீழுமாக ஆடுவதைக் கிடைச் செட்டை தணிக்கின்றது. பக்கவாட்டில் அலைவதைக் குத்துச் செட்டை தடுக்கின்றது. குத்துச் செட்டையைச் சற்றுச் சாய்த்தோ வளைத்தோ அமைப்பின், விரைந்து பறக்கும்போது அதுவே வேண்டிய பக்கவிசையின் ஒரு பகுதியைத் தரும். வாற் சுழலியின் பளு குறையும். பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநோட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கி, 1992 ஓகஸ்ட் 20ஆம் நாள் முதன்முதற் பறந்த துருவ் ஊர்தியிற் கிடைச் செட்டையின் இரு முனைகளிலும் நிலைக்குத்தான தகடுகள் பொருத்தப்பட்டிருத்தலைக் காணலாம்.

ஆயின், குத்துச் செட்டை பெரிதாக இருப்பின் நன்மையே என்று கொள்ளலாகாது. வாற் சுழலி அதன் அருகிலேயே சுழல்கின்றது. ஆதலால் சுழலியூடாகச் செல்லும் காற்றைச் செட்டை மறிக்கின்றது. விரைந்து பறக்கையில் துணைநிற்கும் உறுப்பே, ஓரிடத்தில் நிற்கையில் இடையூறாகின்றது. இவ்விரு தேவைகளையும் இணக்குவதே வாலமைப்பின் அடிப்படைச் சிக்கல் எனலாம்.

ஓரிடத்தில் நிற்கும்போது

பிரதான சுழலி கீழ்நோக்கித் தள்ளும் காற்று வாற்றண்டின்மீது விழுகின்றது. அதனுடன் வலப்புறமிருந்து வீசும் பக்கக்காற்றும் சேருமிடத்து, காற்றோட்டம் தண்டின் வலப்புற மேற்பகுதியில் மோதி, இடப்புறத் தோளைத் தழுவி வளைந்து விரைந்தோடும். வளைந்த பரப்பைத் தழுவி ஓட்டம் விரையுமிடத்தில் அமுக்கம் குறையும். குழாயிலிருந்து விழும் நீர்த்தாரையின் அருகே ஒரு கரண்டியின் முதுகுப்புறத்தைத் தளர்வாகப் பிடித்தால், கரண்டி நீரோட்டத்தினுள் இழுக்கப்படுவதைக் காணலாம். அதுபோன்று வாற்றண்டும் இடப்புறமாக இழுக்கப்படுகின்றது. சுழலியின் மறுதாக்கமும் வாலை இடப்புறமாகவே தள்ளுவதை மேலே கண்டோம். எனவே வாற் சுழலி இரு பகைகளை ஒருங்கே எதிர்க்க நேரிடுகின்றது.

இதற்குக் கண்ட பரிகாரம் வியக்கத்தக்க எளிமை உடையது. வாற்றண்டின் இடப்புறத் தோளில், அதன் நீளப்பாங்கில், ஒடுங்கிய தகடொன்றைப் பொருத்துவதே அது. தண்டைத் தழுவி வரும் காற்றோட்டம் அத்தகட்டில் மோதிப் பரப்பைவிட்டுப் பிரிகின்றது. ஓட்டம் பிரியவே உறிஞ்சலும் குறைகின்றது. அமெரிக்காவின் நாசா நிறுவனம் லாங்லி ஆய்வு நிலையத்தில் பெல் 204பி ஊர்தியைக்கொண்டு இதனைப் பறப்பிற் சோதித்து, முடிவுகளை 1993இல் வெளியிட்டது. பின்னர் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த பி.எல்.ஆர். நிறுவனம் இரட்டைத் தகடுகளையும், திருத்திய வடிவுடைய குத்துச் செட்டையையும் பழைய ஊர்திகளிற் பொருத்தத்தக்க தொகுதியாக அமைத்தது. பெல் நிறுவனமும் தன் 412 ஈ.பி.ஐ. ஊர்தியில் இவற்றை ஏற்றுக்கொண்டது. இலங்கை விமானப்படை பயன்படுத்திவரும் பெல் 212, பெல் 412 ஆகியன 204இன் வழிவந்தவையே என்பது நமக்குக் குறிப்பிடத்தக்கதாகும்.

மலைநாடும் மெலிந்த காற்றும்

இச்சேமிப்பின் பெறுமதி மலைநாட்டிலேயே நன்கு புலப்படும். 30 பாகை செல்சியஸ் வெப்பநிலையிற் கொழும்பில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 1.17 கிலோகிராம் திணிவுடையது. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், 20 பாகையில், அஃது ஏறத்தாழ 0.96 கிலோகிராமே. காற்றின் அடர்த்தி ஆறிலொரு பங்களவு குறைந்துவிடுகின்றது. மெலிந்த காற்றிற் சுழலிகள் இரண்டும் மிகுதியாக உழைக்கவேண்டும். பொறியோ முன்போல் வலுத்தர இயலாது. ஈரிடத்தும் நெருக்கடி ஒருங்கே நேர்கின்றது.

ஓரிடத்தில் நிற்பதற்கு வேண்டிய வலு, தூக்கும் நிறையின் ஒன்றரை அடுக்கிற்கு விகிதசமமானது. ஆகவே பிரதான சுழலிக்கு நூற்றுக்கு 2 பங்கு வலு கூடுதலாகக் கிடைப்பின், தூக்கும் நிறை நூற்றுக்கு 1.3 பங்கு கூடும். 5,000 கிலோகிராம் ஊர்திக்கு இஃது ஏறத்தாழ 65 கிலோகிராம். ஓர் ஆளின் நிறை. வாற் சுழலி பத்திலொரு பங்கு வலுவைக் கொள்வதாயின், அதில் ஐந்திலொன்றைச் சேமித்தாலே இப்பயன் கிட்டும். 2025 நவம்பரில் டித்வா சூறாவளி மலைநாட்டிற் பல ஊர்களைப் பாதையின்றித் துண்டித்தபோது, அங்குச் சிக்கியோரை மீட்க ஹெலிகொப்டர்கள் சென்றன. அத்தகைய வேளையில் ஓர் ஆளின் நிறை என்பது வெறும் எண்ணன்று.

பிற வழிகள்

வாற் சுழலியைச் செட்டையினுள் வளையமிட்டு அடைப்பது பிரெஞ்சுப் பொறியியலாளர் கண்ட வழி. 1968இல் கசெல் ஊர்தியில் இது முதலிற் பறந்தது. இலங்கையிலும் பயன்படும் எம்.ஐ.-17 ஊர்தியில், முந்திய எம்.ஐ.-8இல் வலப்புறமிருந்த வாற் சுழலி, பயன்திறன் கூடும்பொருட்டு இடப்புறத்துக்கு மாற்றப்பட்டது. அமெரிக்காவில் 1981இற் பறந்த நோட்டார் அமைப்பிலோ வாற் சுழலியே இல்லை. தண்டின் வலப்புறத்துள்ள நீண்ட பிளவுகளினூடு காற்றைச் செலுத்தி, கீழிறங்கும் ஓட்டம் அப்புறத்தைத் தழுவி ஓடுமாறு செய்கின்றனர்; தண்டு வலப்புறம் இழுக்கப்படுகின்றது. தகடு எந்த உறிஞ்சலை முறிக்கின்றதோ, அதே உறிஞ்சலை நோட்டார் எதிர்ப்புறத்திற் பணியாளாக்குகின்றது.

எவ்வாலும் எல்லாக் காற்றையும் வெல்லவல்லதன்று. குறைந்த வேகத்திற் குறித்த சில திசைகளிலிருந்து காற்று வீசும்போது வாற் சுழலி பயனிழந்து, ஊர்தி திடீரெனச் சுழலக்கூடும். அமெரிக்க வானூர்தி நிருவாகம் 1995இல் இதுபற்றி விமானிகளுக்கு விரிவான அறிவுரை வெளியிட்டது. சிறந்த வடிவமைப்பு இவ்வாபத்தின் எல்லையைத் தள்ளிவைக்கும்; விமானியின் விழிப்பை விலக்கிவிடாது.

புதிய ஊர்திகளை வாங்குதல் சிறு நாடுகளுக்கு எளிதன்று. இருப்பனவற்றின் வலுவை வீணாகாமற் காப்பது அவற்றால் இயலக்கூடியது. காற்றுச் சுரங்கத்தில் ஓர் உருளையையும் ஒரு தகட்டையும் வைத்து இவ்வாய்வின் முதற்படியைப் பல்கலைக்கழக மாணவர் எவரும் செய்து பார்க்கலாம். உருளையின் எப்பக்கத்தில், எக்கோணத்தில் தகட்டை வைப்பின் பக்கவிசை மிகக் குறையும் என்பதே அவர்கள் அளந்தறிய வேண்டிய முதல் வினாவாகும்.