52-ல் 27 போனால் 35

தளவானூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மகேந்திரவர்மன் குடைவித்த சத்ருமல்லேஸ்வரக் குடைவரைதான் நினைவுக்கு வரும். எனக்கு இன்னொன்றும் வரும். 2020-ல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, சிக்னல் கிடைக்கும் என்று எங்கள் தெருப் பிள்ளைகள் போனோடு போய் உட்கார்ந்த இடம் அந்தக் குன்றின் அடிவாரம். அப்போது நான் கல்லூரி மாணவி. இன்று பி.எட். படிக்கிறேன், கணக்கு டீச்சராகப் போகிறேன்.

அன்று பாடம் வாட்ஸ்ஆப்பில் வந்தது. ஆனால் பல வீடுகளில் ஒரே போன்தான். காலையில் அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும், திரும்பி வர இருட்டிவிடும். போன் இல்லாத வீட்டிலும் டி.வி. இருந்ததால், 2019-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி கைகொடுத்தது. பாடம் வீடு வரை வந்தது. சந்தேகம் கேட்கத்தான் ஆளில்லை.

2021 அக்டோபர் 27 அன்று எங்கள் விழுப்புரம் மாவட்டத்தின் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் நானும் தன்னார்வலரானேன். சில நாளில், நவம்பர் 1 அன்று, சின்ன வகுப்புகளுக்கும் பள்ளி திறந்தது. ஏறக்குறைய 19 மாத இடைவெளி. திட்டத்தின் மாலை வகுப்பை நான் எடுத்தது எங்கள் வீட்டுத் திண்ணையில்தான்.

நான்காம் வகுப்புப் பையன் ஒருவன். புத்தகத்திலிருந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து கழித்தல் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். கண் கொட்டாமல் பார்த்தான். "புரிஞ்சுதாடா?" என்றேன். "புரிஞ்சுதுக்கா!" சிலேட்டைக் கொடுத்து 52-ல் 27-ஐக் கழிக்கச் சொன்னேன். 35 என்று எழுதினான். 2-லிருந்து 7 போகாது என்று வீடியோ சொன்னது. அவனோ 7-லிருந்து 2-ஐக் கழித்துவிட்டான். பெரியதிலிருந்து சின்னது போகும் என்பது அவன் கணக்கு. ஓடி முடிந்த வீடியோவுக்கு அவன் சிலேட்டு தெரியாதே!

துடைப்பக் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு ஐந்து கட்டும், உதிரியாக இரண்டும் வைத்தேன். "இதுலேர்ந்து ஏழு குச்சி குடு." இரண்டைக் கொடுத்தான். விழித்தான். பிறகு அவனே ஒரு கட்டைப் பிரித்து ஏழைக் கொடுத்தான். அடுத்து இன்னும் இரண்டு கட்டு கேட்டேன், கொடுத்தான். கடைசியில் மிஞ்சியதை இரண்டு முறை எண்ணிவிட்டு, 35-ஐ எச்சில் தொட்டு அழித்து 25 என்று எழுதினான்.

மறுநாள் அதே வீடியோவை மறுபடி கேட்டான், அவனாகவே மூன்று முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். நானே சொல்லியிருந்தால் மூன்றாம் முறை என் குரலில் எரிச்சல் தட்டியிருக்கும். திரைக்கு அலுப்பில்லை. அதனால் அதை நான் ஒதுக்க மாட்டேன்.

தொலைநிலைக் கல்வி நமக்குப் புதிதில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-லேயே தொடங்கிவிட்டது. என் அத்தை பகலெல்லாம் மல்லாட்டை உடைத்துவிட்டு, தபாலில் வந்த புத்தகங்களை இரவில் படித்துத்தான் பட்டம் வாங்கினார். தனக்கு எது புரியவில்லை என்பது அவருக்குத் தெரியும். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது தெரியாது. அதைப் பார்த்துச் சொல்லத்தான் பக்கத்தில் ஒருவர் வேண்டும்.

இப்போது அரசுப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் போர்டு வருகிறது. வரட்டும், கிராமத்துப் பிள்ளைக்கும் அது கிடைக்க வேண்டும். ஆனால் அதை இயக்கக் கற்றுக்கொண்டால் மட்டும் போதாது. பாடத்தை எந்த இடத்தில் நிறுத்துவது, நிறுத்தியதும் என்ன கேட்பது என்பதை எங்களைப் போன்ற பயிற்சி மாணவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். இன்று வகுப்பில் இருக்கும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். வீடியோ முடியும்வரை காத்திருக்காதீர்கள். பாதியில் நிறுத்தி, கடைசி பெஞ்சில் சத்தமில்லாமல் இருக்கும் பிள்ளையிடம் ஒரு கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்.