பழைய நிலப்போர்வை மறுமுறை உதவுமா?

ரயில் பாதைப் பிரிவில் என்னுடன் கீமேனாக இருந்த மராத்தி நண்பருக்கு நாகபுரிக்கு அருகே ஓர் ஏக்கர் நிலம். சென்ற கோடையில் நிலக்கடலை அறுவடை முடிந்ததும், வயலில் விரித்திருந்த பிளாஸ்டிக் தாளை வரப்பில் குவித்துவிட்டு என்னைக் கேட்டார்: "சாஹேப், இதை மறுபடி விரிக்கலாமா, கொளுத்திவிடலாமா?"

இரண்டும் வேண்டாம் என்றேன். காரணத்தை நம் அன்பர்களுக்கும் சொல்கிறேன்.

ஜனவரியில் விதைக்கும்போது மண் குளிர்ந்திருக்கும். தாள் விரித்தால் மண் சூடேறி விதை விரைவில் முளைக்கும்; ஈரமும் காயாது. கடலைக்கு விரிப்பது 7 மைக்ரான் தாள். அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஏழு பங்கு. விழுதுகள் தாளைத் துளைத்து மண்ணில் இறங்கவேண்டும் என்பதால்தான் இத்தனை மெல்லியது. அறுவடையிலோ செடியை வேரோடு பிடுங்குகிறோம். மிஞ்சுவது சல்லடைதான்.

மறுமுறை பயன்படுத்துவதே தவறு என்பதல்ல. மெயின் லைனில் கழித்த தண்டவாளத்தை யார்டு சைடிங்கில் போடுவது ரயில்வே வழக்கம். ஆனால் தேய்மானம் அளந்து, விரிசல் பார்த்து, தேறினால் மட்டுமே.

சீனாவில், மழை குறைந்த கான்சு மாநிலத்தில் இதே முறைதான். முதலாண்டு தாள் விரித்து மக்காச்சோளம் பயிரிடுவார்கள். தட்டையை அறுப்பதால் தாள் அதிகம் கிழிவதில்லை. குளிர்காலத்தில் கால்நடை மிதிக்காமல் காத்து, கிழிசலை மண்ணிட்டு மூடுவார்கள். வசந்தத்தில் உழாமலே அதே தாளில் துளையிட்டு, சூரியகாந்தியோ ஆளிவிதையோ விதைப்பார்கள். நாம் இங்கே ஜவஸ் சட்னி அரைக்கும் அதே விதைதான். தாள் செலவும் உழவுச் செலவும் மிச்சம். குளிர்கால ஈரமும் காக்கப்படும். உழவில்லாததால் அடியுரம் கலக்க முடியாது என்பது குறை. வெயிலில் தாள் நொறுங்கத் தொடங்குவதால், இரண்டாம் அறுவடைக்குப்பின் அதை எடுத்தே ஆகவேண்டும்.

மெல்லிய தாளை முழுதாகத் திரும்ப எடுக்க முடிவதில்லை. அதனால், 2018 மே முதல் நடப்புக்கு வந்த சீனத் தரநிலை 10 மைக்ரானுக்குக் குறைந்த தாளை ஏற்பதில்லை.

எடுக்காவிட்டால் என்ன? துண்டுகள் மட்காமல் தங்கி, வேரையும் நீரையும் தடுக்கும். மாடு தின்றால் வயிற்றில் அடைக்கும். கொளுத்தினால் நச்சுப்புகை.

நண்பரிடம் தாள் வாங்கிய சீட்டு இருந்தது: 20 கிலோ. குவியலைக் கழுவி உலர்த்தி நிறுத்தோம். 14 கிலோதான். அவர் முகம் வாடிவிட்டது. மீதி 6 கிலோ அவர் மண்ணுக்குள்! மறுநாளே வீட்டார் அனைவரும் கூடையுடன் வயலில் இறங்கினார்கள். சுத்தமான தாள் என்பதால் கபாடிக்காரரும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

ஊரில் நிலமுள்ள அன்பர்களே, உங்கள் வீட்டாரும் தாள் விரிப்பவர்களானால் ஒன்று சொல்லுங்கள். விரிக்குமுன் ஒரு நிறை, எடுத்தபின் ஒரு நிறை. இரண்டையும் குறித்து வைக்கட்டும். வித்தியாசம் எவ்வளவோ, அவ்வளவும் நம் பேரப்பிள்ளைகளின் மண்ணில் கிடக்கிறது.